ஹராம் என்று சொல்வதற்கு முன்...



நம் வீடுகளில் நாளொன்றுக்குப் பல தடவை உச்சரிக்கப்படும் சொற்களுள் 'ஹராம்' என்பதும் ஒன்று. பிள்ளை எதையாவது கையிலெடுத்தால், அது என்னவென்று பார்ப்பதற்கு முன்பே இந்தச் சொல் நம் வாயிலிருந்து வந்துவிடுகிறது. சொல் சிறியது, அதன் பாரமோ பெரியது. "இதை அல்லாஹ் தடுத்திருக்கிறான்" என்று சாட்சி சொல்வதற்கு அது சமமாகும். ஸூரதுந் நஹ்லின் 116ஆவது வசனம் இந்த விடயத்தில் நாவைப் பற்றி எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை ஓதிப் பாருங்கள். இதைப் பற்றித்தான் இம்மாதம், ஒரு சிறுவனின் கைக்கு வந்த விளையாட்டுப் பெட்டியை முன்வைத்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஞாயிறு தோறும் நடக்கும் பெண்கள் வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு ஒரு சகோதரி தயங்கி நின்றார். பல வருடங்கள் சஊதியில் குடும்பத்துடன் இருந்துவிட்டுத் திரும்பிய அவருடைய நானா, தம் பிள்ளைகள் ஒரு காலத்தில் விளையாடிய பழைய 'கேம்போய் கலர்' ஒன்றை மருமகனுக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குள் செருகியிருந்த விளையாட்டின் பெயர் 'பொக்கிமொன் கிரிஸ்டல்'. பெயரைக் கேட்டதுமே அந்தத் தாய் அதைப் பறித்து அலுமாரியில் வைத்துவிட்டார். "இது ஹராம் மகன். இந்தப் பேருக்கு 'நான் யூதன்' என்றுதான் அர்த்தம்" என்று காரணமும் சொல்லியிருக்கிறார். அவர் கட்டிச் சொன்னதல்ல அது. சிறு வயதில் கேட்டதை அப்படியே சொன்னார்.

பன்னிரண்டு வயது மகன் அப்போது ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "உம்மா, நான் தேடிப் பார்த்தேன். நீங்க சொன்னது பொய்யாம்" என்றிருக்கிறான். அதோடு நின்றிருந்தால் அந்தச் சகோதரி என்னிடம் வந்திருக்க மாட்டார். அவன் மேலும் ஒன்று கேட்டிருக்கிறான்: "அப்ப, நீங்க ஹராம் என்று சொன்ன மற்றதெல்லாம்?"

சகோதரிகளே, அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அதில் விளையாட்டுப் பெட்டி இல்லை. உம்மாவின் வாயிலிருந்து வரும் தீனை இனி நம்பலாமா என்பதுதான் அதிலிருந்தது. அவன் நாளை இளைஞனாவான். வட்டியைப் பற்றியும் போதையைப் பற்றியும் அந்தத் தாய் அவனிடம் பேச வேண்டியிருக்கும். அன்று அவருடைய சொல்லுக்கு என்ன எடை இருக்கும்?

பெயரின் கதை

முதலில் இந்தப் பெயரின் கதையைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'பொக்கட் மொன்ஸ்டர்ஸ்', அதாவது சட்டைப்பையில் அடங்கும் விநோதப் பிராணிகள். இந்த இரண்டு சொற்களையும் ஜப்பானியர் தம் வழக்கப்படி சுருக்கிச் சொன்னதே 'பொக்கிமொன்'. யூதர்களுக்கும் இந்தப் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை உருவாக்கியவர் ஸதொஷி தஜிரி என்ற ஜப்பானியர்; 1965இல் பிறந்தவர். சிறு வயதில் வயல்களிலும் குளக்கரைகளிலும் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் அவருக்குப் பெரும் ஆர்வம். அவர் வளர்ந்த ஊர் நகரமாகி, பூச்சிகள் இருந்த இடமெல்லாம் கட்டடங்களாயின. பிடித்துச் சேர்க்கும் அந்த இன்பத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததே இந்த விளையாட்டு. முதற் பதிப்புகள் 1996 பெப்ரவரியில் ஜப்பானில் வெளியாயின.

2001இன் தொடக்கத்தில் சஊதி அரேபியாவின் மார்க்கத் தீர்ப்புக் குழு இதற்கெதிராக ஒரு பத்வா வெளியிட்டது. அன்றைய பெரிய முப்தி ஷெய்க் அப்துல் அஸீஸ் ஆல ஷெய்க் அதன் தலைவராக இருந்தார். மார்ச் மாதத்தில் அது உலகெங்கும் செய்தியாயிற்று. அதில் கூறப்பட்டதாக முக்கியமாகப் பேசப்பட்ட காரணங்கள் மூன்று: இதில் சூதாட்டத்தின் சாயல் இருக்கிறது, உயிரினங்கள் பரிணமிப்பதாகக் காட்டுகிறது, வேற்று மதங்களின் சின்னங்கள் இடம்பெறுகின்றன. பின்னர் 2016இல் கைத்தொலைபேசியில் 'பொக்கிமொன் கோ' வந்தபோது அதே பத்வா மீண்டும் சுற்றுக்கு வந்தது. புதிதாக எதையும் வெளியிடவில்லை என்று அந்நாட்டில் விளக்கமும் சொல்லப்பட்டது.

ஆலிம்கள் தம் முன் வைக்கப்பட்ட விடயத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்வது ஒன்று. ஆனால் அந்தக் காலத்தில் வேறொன்றும் மக்களிடையே ஓடித் திரிந்தது. ஒவ்வொரு பிராணியின் பெயருக்கும் எதிரே ஒரு நிந்தனையான பொருளை எழுதிய துண்டுப் பிரசுரங்கள் அரபு நாடுகளில் பரவின. அதன் பிரதியொன்று அன்று நாங்கள் ஓதிக்கொண்டிருந்த அரபுக் கல்லூரிக்கும் வந்து சேர்ந்தது. மாணவர்கள் கூடி நின்று அதைப் பரபரப்போடு படித்தோம். எங்கள் உஸ்தாத் ஒருவர் அந்தத் தாளை வாங்கி, மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்துவிட்டு, "உங்களில் ஜப்பான் பாஷை தெரிந்தவர் யார்?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் இல்லை. "இதை எழுதியவருக்குத் தெரியுமா?" என்றார். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார். அன்றைய பாடம் எதுவென்று நினைவில்லை. அந்த இரண்டு கேள்விகளும் இருபது வருடங்களுக்கு மேலாக என்னோடு இருக்கின்றன. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரதுல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம், எதிரியைப் பற்றிய செய்திக்கும் பொருந்தும். விளையாட்டுப் பொருளைப் பற்றிய செய்திக்கும் பொருந்தும்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

விசாரிக்கச் சொல்பவன் தானும் விசாரிக்க வேண்டுமல்லவா? "அதை எடுத்துக்கொண்டு மகனை என்னிடம் அனுப்புங்கள்" என்றேன். அஸர் தொழுகைக்குப் பிறகு, மத்ரஸா விறாந்தையில், சில நாட்கள் அவன் ஆசிரியராகவும் நான் மாணவனாகவும் அமர்ந்தோம்.

'கிரிஸ்டல்' என்பது முற்றிலும் புதிய விளையாட்டு அல்ல. 1999 நவம்பரில் 'கோல்ட்', 'சில்வர்' என்ற பெயர்களில் இரண்டு பதிப்புகள் ஜப்பானில் வெளிவந்தன. ஒரு வருடம் கழித்து, 2000 டிசம்பர் 14ஆம் திகதி, அதே கதையைச் சில சேர்க்கைகளுடன் மெருகேற்றி 'கிரிஸ்டல்' என்று வெளியிட்டார்கள். பிராணிகள் எதிரே வரும்போது அசையத் தொடங்கின. ஒரு நீலப் பிராணியைத் தேடிச் செல்லும் கதை விரிவாக்கப்பட்டது. போட்டிக்கென ஒரு கோபுரம் கட்டப்பட்டது. இந்தத் தொடரில் முதன்முறையாக, "நீ ஆண்பிள்ளையா, பெண்பிள்ளையா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டு, பெண்பிள்ளையாகவும் பயணம் செய்ய வழிவிட்டார்கள். இந்தச் சிறுவனின் தங்கைக்கு விளையாட்டிலே பிடித்தது அந்த ஓரிடம்தான்.

விளையாடும் பிள்ளை ஊர் ஊராக நடந்து, புற்களிலும் குகைகளிலும் நீரிலும் இருக்கும் பிராணிகளைப் பிடித்துப் பழக்குகிறது. மொத்தம் 251 வகை. எல்லாவற்றையும் தனியொருவர் சேர்த்துவிட முடியாது. சில வகைகள் இந்தப் பதிப்பில் வரவே வராது. 'கோல்ட்'டிலும் 'சில்வ'ரிலும் இருந்த கம்பளி ஆட்டுக்குட்டி போன்ற பிராணி, மெருகேற்றிய 'கிரிஸ்டல்' பதிப்பில் இல்லை. அது வேண்டுமானால், வேறு பதிப்பு வைத்திருக்கும் இன்னொரு பிள்ளையைத் தேடிப் போய், இரண்டு பெட்டிகளையும் ஒரு கம்பியால் இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். பூச்சி சேர்க்கும் பிள்ளைகள் தமக்குள் மாற்றிக்கொள்வதைப் போலத்தான்.

இனி அந்தக் காரணங்களுக்கு வருவோம். 'பரிணாமம்' என்ற சொல் இதில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? கம்பளிப்புழு போன்ற ஒன்று கூட்டுப்புழுவாகி, பின்னர் வண்ணத்துப்பூச்சியாகிறது. ஒரே பிராணி தன் வாழ்நாளுக்குள் வடிவம் மாறுகிறது. நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் அல்லாஹ் நாளாந்தம் காட்டும் அத்தாட்சி அது. டார்வின் சொன்னதோ எண்ணற்ற தலைமுறைகளில் இனமே மாறுவதைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியதால் வந்த குழப்பம் இது. இதைத் தடுப்பதைவிட, பிள்ளையை அழைத்து உண்மையான புழுவையும் கூட்டையும் காட்டி வித்தியாசத்தை விளக்குவது எவ்வளவு சிறந்தது!

விநோதமான பிராணி என்பதற்காகவே முகம் சுளிக்க வேண்டியதுமில்லை. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களிடையே சிறகு வைத்த குதிரையொன்று இருந்ததையும், அதைப் பற்றி அவர் சொன்ன பதிலைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம்.

பிராணிகளை மோதவிடுவது மட்டும் எனக்கு உறுத்தியது. உயிருள்ள பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் அறிவிப்பு உண்டு. இங்கே இருப்பது திரையில் தெரியும் உருவம்தான். தோற்றது மயங்கும், மருந்திட்டால் எழும்பும். ஆயினும் அந்தச் சிறுவனிடம், "சேவல் சண்டையை வேடிக்கை பார்க்கலாமா மகன்?" என்று கேட்டேன். "கூடாது ஹஸ்ரத், அதுக்கு நோகுமே" என்றான். உருவத்துக்கும் உயிருக்கும் உள்ள வித்தியாசம் அவன் உள்ளத்தில் அழியவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

உண்மையான காரணம்

மூன்றாம் நாள் கதையில் ஒரு பெரிய நகரம் வந்தது. ஒவ்வொரு கட்டடமாக எனக்குக் காட்டிக்கொண்டு வந்தவன், ஒன்றை மட்டும் வேகமாகக் கடந்துபோனான். "அது என்ன மகன்?" என்றேன். "அது சும்மா ஹஸ்ரத்" என்றான். "உள்ளே போய்க் காட்டுங்களேன்" என்றேன். தயக்கத்தோடு காட்டினான்.

வரிசை வரிசையாகச் சூதாட்ட இயந்திரங்கள்! நாணயத்தைப் போட்டால் மூன்று சக்கரங்கள் சுழலும். படங்கள் ஒன்றாக அமைந்தால் நாணயங்கள் கொட்டும். அவற்றைக் கொடுத்து அபூர்வமான பிராணிகளைப் பரிசாக வாங்கலாம். கதைக்குள் இருக்கும் பணம்தான். அவனுடைய உண்மைப் பணம் ஒரு சதமும் போவதில்லை. ஆனாலும் அவன் ஏன் அதைக் கடந்துபோனான்? யாரும் சொல்லாமலே அவன் உள்ளம் அதை அறிந்திருந்தது. ஸூரதுல் மாயிதாவின் 90ஆவது வசனம் மதுவோடு சேர்த்துத் தடுத்த 'மைஸிர்' என்பது இதுதான். இங்கே அது பொம்மை வடிவில் இருக்கிறது என்று விளக்கினேன். மறுவார்த்தை பேசவில்லை. "இதுக்குள்ள போகாமலே கதையை முடிக்கலாம் ஹஸ்ரத்" என்று அவனாகவே சொன்னான். அது உண்மையும்கூட.

கவனியுங்கள் சகோதரிகளே! பொய்யான காரணத்தைச் சொன்னபோது எதிர்த்து ஆராய்ந்த அதே பிள்ளை, மெய்யான காரணத்தைச் சொன்னபோது தானாகவே ஒதுங்கிக்கொண்டான்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதல்ல. பொக்கிமொன் அட்டைகளை விற்கும் முறை சூதாட்டத்துக்கு ஒப்பானது என்று 1999இல் அமெரிக்காவில் சில பெற்றோர் வழக்கே தொடர்ந்தார்கள். 'கிரிஸ்டல்' போலவே மெருகேற்றிய பதிப்பாக வந்த 'பிளாட்டினம்' 2009இல் ஐரோப்பாவுக்குப் போனபோது, அதிலிருந்த சூதாட்ட இயந்திரங்கள் விளையாட முடியாதபடி செய்யப்பட்டிருந்தன. அதன் பின் வந்த புதிய கதைகளில் அந்த இயந்திரங்களே இடம்பெறவில்லை.

ஆனால் அந்தச் சூதாட்ட மண்டபம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. இன்று கைத்தொலைபேசியில் ஓடும் எத்தனையோ விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பெட்டியை உண்மைப் பணம் கொடுத்துத் திறக்கச் சொல்கிறார்கள். நல்லது கிடைக்காவிட்டால் இன்னொன்று, பிறகு இன்னொன்று. 2018இல் பெல்ஜியம் நாட்டின் அதிகாரிகள் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமென்றே தீர்மானித்தார்கள். 2024 ஒக்டோபரில் வெளிவந்த, தொலைபேசியில் பொக்கிமொன் அட்டைப் பொதிகளைத் திறக்கும் விளையாட்டிலும் பணம் செலுத்திப் பொதி திறக்கும் வழி இருக்கிறது. அலுமாரியில் பூட்டிவைத்த பழைய பெட்டி ஒரு சதமும் கேட்காது. நம் கையிலிருந்து பிள்ளை வாங்கிப் பார்க்கும் தொலைபேசியோ கேட்கிறது. நாம் எதைப் பறிக்கிறோம்? எதைப் பார்க்காமல் விடுகிறோம்?

இஸ்ராப் என்னும் வீண்விரயமும் இங்கே உண்டு. 'கோல்ட்', 'சில்வர்' இரண்டும் பழைய சாம்பல் நிறக் கேம்போயிலும் ஓடின. 'கிரிஸ்டல்' புதிய வண்ணப் பெட்டியில் மட்டுமே ஓடியது. ஏற்கெனவே வாங்கிய கதையைச் சிறிது மெருகேற்றி மறுபடியும் விற்கும் இந்த முறை 1998இல் 'யெலோ'வுடன் தொடங்கி, 'கிரிஸ்டல்', 2004இல் 'எமரல்ட்', 2008இல் 'பிளாட்டினம்' என்று தொடர்ந்தது. பிள்ளை "புதுசு வந்திருக்கு உம்மா" என்று கேட்கும்போது, "அதில் புதிதாக என்ன இருக்கிறது? சொல்லுங்கள் பார்ப்போம்" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவன் யோசித்துப் பதில் சொல்லட்டும். ஆசைக்கும் தேவைக்கும் இடையே ஒரு கேள்வி இருந்தால் போதும்.

மூன்றாவது, நேரம். இந்த விளையாட்டுக்குள் உண்மையான கடிகாரம் ஒன்று இருக்கிறது. மாலை ஆறு மணியானதும் கதையிலும் இரவாகிவிடும். இரவில் மட்டும் வரும் ஆந்தை போன்ற பிராணிகள் அப்போதுதான் வெளிக்கிளம்பும். நம் நாட்டில் மஃரிப் பாங்கு சொல்லும் வேளையும் அதையொட்டித்தானே! ஆனால் அந்த இரவு அதிகாலை நான்கு மணிவரை இருக்கும். எனவே மஃரிபைத் தொழுது, குர்ஆன் ஓதி, பாடம் படித்து, இஷாவும் தொழுத பிறகும் ஆந்தை அங்கேயே இருக்கும். "இடையில் விட முடியாது உம்மா" என்ற சாட்டும் செல்லாது. மோதல் நடக்கும் சில நிமிடங்களைத் தவிர, மற்ற எந்த இடத்திலும் விளையாட்டைச் சேமித்துவிட்டு எழுந்து போகலாம். இதைத் தெரிந்துவைத்திருக்கும் உம்மாவிடம் பிள்ளை சாட்டுச் சொல்ல மாட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியைக் கொடுத்த மாமாவின் பிள்ளைகள் பல மாதங்கள் பாடுபட்டுச் சேர்த்த பிராணிகளில் ஒன்றுகூட இப்போது அதற்குள் இல்லை. சேமித்ததைக் காப்பது உள்ளேயிருக்கும் நாணயமளவு பெட்டரி ஒன்றுதான். அது உயிர்விட்டதும் எல்லாம் அழிந்துவிட்டன. மணிக்கூடு திருத்தும் கடையில் புதிய பெட்டரி வைத்த பிறகு, இந்தச் சிறுவன் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. "அவ்வளவும் எங்க போனது ஹஸ்ரத்?" என்று கேட்டான். துன்யாவின் சேகரிப்பையும் ஆகிரத்தின் சேகரிப்பையும் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன். அன்று அதை விளக்க எனக்கு இரண்டு வசனங்களே போதுமாயிருந்தன.

உம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை

ஒரு பொருளை ஹராம் என்று சொல்வதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, அதைப் பிள்ளையோடு அமர்ந்து உங்கள் கண்ணால் பாருங்கள். இரண்டு, அதில் எது பிழை என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். முழுப் பெட்டியையும் வீசாமல், அந்த ஒரு மண்டபத்தின் கதவை மூடுங்கள். மூன்று, உங்களுக்குத் தெளிவில்லையென்றால், "கேட்டுச் சொல்கிறேன் மகன்" என்று சொல்லத் தயங்காதீர்கள். எத்தனையோ பெரும் இமாம்கள் "எனக்குத் தெரியாது" என்று சொல்வதை அறிவின் ஒரு பகுதியாகவே கருதினார்கள். அதனால் அவர்களின் மதிப்புக் குறையவில்லை. உங்கள் மதிப்பும் குறையாது.

வீட்டின் ஒழுங்குக்காகத் தடுக்க வேண்டியிருந்தால், தாராளமாகத் தடுங்கள். "பரீட்சை முடியும்வரை வேண்டாம்" என்று சொல்ல உம்மாவுக்கு முழு உரிமை உண்டு. அது உங்கள் கட்டளை. உங்கள் பெயராலேயே இருக்கட்டும். உங்களுடைய கட்டளைக்கு அல்லாஹ்வின் பெயரைச் சூட்டாதீர்கள். இந்த வித்தியாசத்தைப் பேணும் வீட்டில் 'ஹராம்' என்ற சொல் அபூர்வமாகவே ஒலிக்கும். ஒலிக்கும்போது பிள்ளை நின்று கேட்கும். பெட்டிகளும் பதிப்புகளும் மாறிக்கொண்டே இருக்கும். நாளை எது வருமென்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. எது வந்தாலும், "இதைப் பற்றி உம்மாவிடம் கேட்போம்" என்று பிள்ளை நம்மைத் தேடி வர வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு அமானிதம். அதைப் பொய்யான செய்திக்காகச் செலவழித்துவிட வேண்டாம்.

நாவில் உண்மையையும், தீர்ப்பில் நிதானத்தையும், நம் பிள்ளைகளின் உள்ளங்களில் தீனின் மீது உறுதியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.